லேசர் மங்கினால் காற்று சுத்தமாகிவிடுமா? மணலியின் தூசிக் கணக்கைக் காக்கும் குட்டி சர்க்யூட்

மணலியில் துணி காயப்போடும் முன் கொடிக்கயிற்றை ஒரு இழுப்பு துடைத்துவிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துடைத்த விரலில் ஒட்டும் கருப்பைப் பார்த்தே ‘இன்னைக்கு ஜாஸ்தி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டால் விரல் போதாது. அதற்குக் கருவி வேண்டும்.

இப்போதெல்லாம் அந்தக் கருவியின் பதில் நம் போனிலேயே வந்துவிடுகிறது. காற்றுத் தரச் செயலியைத் திறந்தால் ஒரு எண், பக்கத்தில் ஒரு நிறம். பச்சை என்றால் ஜன்னலைத் திறக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு என்றால் தாத்தாவின் வாக்கிங்கை ஒத்திவைக்கலாம்.

அந்த எண்ணை இரண்டு வகைக் கருவிகள் தருகின்றன. ஒன்று, அரசின் நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்கள். மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்றும், மணலி கிராமத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்றும் உள்ளன. இன்னொன்று, பள்ளிகள், ஆய்வுக் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்கள், ஆர்வலர்கள் எனப் பலரும் வாங்கி மாட்டும் உள்ளங்கை அளவு சென்சார்கள். இந்த இரண்டாவது வகைக்குள் ஒரு குட்டி லேசர் இருக்கிறது. தூசியைப் ‘பார்ப்பது’ அதன் வெளிச்சத்தில்தான்.

அந்த லேசர் வயசாகி மங்கிப்போனால் என்ன ஆகும்? கருவி நின்றுவிடாது. எரர் எதுவும் வராது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகி வருகிறது என்று சொல்ல ஆரம்பிக்கும். பிரச்னையே அதுதான். அதைப் பிடிப்பதற்கான சர்க்யூட் பெரிய விஷயமில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் நாலைந்து பாகங்கள் போதும்.

மணலிக்கு இந்த எண் ஏன் முக்கியம்?

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1969-ல் உற்பத்தி தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைதான் இன்றைய சிபிசிஎல். ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு இருக்கிறது. சுற்றிலும் உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள். வடக்கே எண்ணூர் பக்கம் நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பல் குளங்களும். நடுவே துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 100-க்கு 70 மதிப்பெண்ணைத் தாண்டிய 43 பகுதிகள் ‘மிகவும் மோசமாக மாசுபட்டவை’ என்ற பட்டியலில் வந்தன. மணலியின் மதிப்பெண் 76.32. 2018 மதிப்பீட்டில் அது 84.15. மதிப்பெண் ஏறினால் மாசு ஏறியதாக அர்த்தம்.

தினசரி கணக்குக்கு வருவோம். முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களுக்கு பிஎம் 2.5 என்று பெயர். இந்தியாவில் இதற்கான 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 15 மைக்ரோகிராம். இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை ‘திருப்திகரம்’, 61 முதல் 90 வரை ‘மிதமானது’. இந்த 60 என்ற கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் மறுபடியும் வரும்.

லேசர் எப்படித் தூசியை எண்ணுகிறது?

காலையில் ஓட்டு வீட்டின் ஓட்டை வழியே வெயில் கீற்று விழும்போது அதில் தூசி மிதப்பது தெரியும். கீற்றுக்கு வெளியேயும் அதே தூசி இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. துகள் மேல் பட்ட ஒளி சிதறி நம் கண்ணுக்கு வருவதால்தான் கீற்றுக்குள் மட்டும் தெரிகிறது.

சென்சாருக்குள் நடப்பதும் இதேதான். வெயில் கீற்றுக்குப் பதில் லேசர். கண்ணுக்குப் பதில் போட்டோடையோடு, அதாவது ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் சின்ன சிலிக்கான் துண்டு. ஒரு குட்டி ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது. துகள்கள் லேசர் கற்றையைக் கடக்கின்றன. பக்கவாட்டில் இருக்கும் போட்டோடையோடு சிதறிய ஒளியை அளக்கிறது. சிதறல் அதிகம் என்றால் தூசி அதிகம்.

இந்தக் கணக்குக்குள் சத்தமில்லாமல் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: லேசரின் பவர் மாறவே மாறாது என்ற நம்பிக்கை. சிதறும் ஒளி துகளை மட்டும் பொறுத்ததல்ல, அதன் மேல் விழும் ஒளியையும் பொறுத்தது. லேசர் பாதியானால் சிதறலும் பாதியாகும்.

ஒரு எடுத்துக்காட்டு. உண்மையில் காற்றில் 80 மைக்ரோகிராம் தூசி இருக்கிறது. சென்சாரின் லேசர் முதல் நாள் இருந்த பவரில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கருவி 80-ல் 70 சதவீதத்தை, அதாவது 56-ஐக் காட்டும். மஞ்சளாக இருக்க வேண்டிய நிறம் இளம்பச்சை ஆகிவிடும். வரம்பு மீறிய நாள், வரம்புக்குள் இருந்த நாளாகப் பதிவாகும். துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் வகைக் கருவிகளிலும் இதே கதைதான். வெளிச்சம் குறைந்தால் பெரிய துகள் சின்னதாகத் தெரியும், சின்ன துகள் கணக்கிலேயே வராது.

லேசர் ஏன் மங்குகிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது வயது. லேசர் டையோடுக்கு ஆயுள் உண்டு. ஆர்வலர்கள் அதிகம் பயன்படுத்தும் நோவா எஸ்டிஎஸ்011 என்ற சென்சாரின் விவரத்தாள் அதன் ஆயுளை 8,000 மணி நேரம் வரை என்கிறது. ராப்பகலாக ஓடவிட்டால் 333 நாட்கள். ஒரு வருஷம்கூட இல்லை. அதனால்தான் பலர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் அதை எழுப்பி அளவு எடுக்கிறார்கள்.

இரண்டாவது சூடு. லேசர் டையோடு ஒளிர ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். வெப்பம் ஏற ஏற அந்தக் குறைந்தபட்சம் உயரும். ஒரே மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், மே மாத மதியத்தில் மொட்டை மாடி டப்பாவுக்குள் இருக்கும் லேசர், அதிகாலையில் தந்த ஒளியைத் தராது. காற்று மாறாமலேயே மதியக் கணக்கு குறையும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் வேடிக்கையானது: தூசி. அளக்க வேண்டிய தூசியே லென்ஸில் படிந்து ஒளியை மறைக்கும். அதிக தூசி உள்ள இடத்தில் சென்சார் சீக்கிரம் அழுக்காகும், அழுக்கானதும் தூசியைக் குறைத்துக் காட்டும். அதாவது எந்த ஊருக்குச் சரியான எண் அதிகம் தேவையோ, அங்கேதான் எண் முதலில் பிசகும்.

சரி, லேசரை யார் கண்காணிப்பது?

இன்னொரு போட்டோடையோடு. முதல் போட்டோடையோடு தூசியைப் பார்க்கட்டும், இரண்டாவது லேசரையே பார்க்கட்டும். பிறகு முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் போதும். லேசர் 70 சதவீதமானால் இரண்டுமே 70 சதவீதமாகும், விகிதம் மாறாது. ஆய்வகத்தில் இருக்கும் விலை உயர்ந்த ஒளியியல் கருவிகளும் இந்த விகிதத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

சர்க்யூட்டை எண்களோடு பார்ப்போம்.

படி 1: கொஞ்சம் ஒளியைப் பிரிப்பது. லேசர் 5 மில்லிவாட், சிவப்பு நிறம் என்று வைத்துக்கொள்வோம். கற்றையின் வழியில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் கொஞ்சமாகச் சாய்த்து வைத்தால், ஒரு பரப்பிலிருந்து சுமார் 4 சதவீதம் ஒளி திரும்பும். 5 மில்லிவாட்டில் 4 சதவீதம் 0.2 மில்லிவாட். கண்காணிக்க இது தாராளம். மீதி ஒளி தன் வேலையைப் பார்க்கப் போகட்டும். கண்ணாடியை அதிகம் சாய்க்கக் கூடாது. லேசர் டையோடின் ஒளி ஒரே திசையில் அதிரும் ஒளி என்பதால், சாய்வு கூடினால் இந்த 4 சதவீதமும் மாறும்.

படி 2: ஒளியை மின்னோட்டமாக்குவது. சாதாரண சிலிக்கான் போட்டோடையோடு சிவப்பு ஒளிக்கு, ஒரு வாட்டுக்கு சுமார் 0.4 ஆம்பியர் தரும். பிபிடபிள்யூ34 என்ற பிரபலமான டையோடையே எடுத்துக்கொள்ளலாம். 0.2 மில்லிவாட்டுக்குக் கிடைப்பது 80 மைக்ரோஆம்பியர். ஒளி இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். இந்த நேர்கோட்டுக் குணம்தான் போட்டோடையோடின் பெரிய பலம். எல்டிஆர் என்கிற மலிவான ஒளி ரெசிஸ்டரை இந்த வேலைக்கு எடுக்காததற்குக் காரணமும் இதுதான். அதில் ஒளிக்கும் அளவுக்கும் நேரான கணக்கு கிடையாது.

படி 3: மின்னோட்டத்தை வோல்ட்டாக்குவது. மைக்ரோகன்ட்ரோலருக்கு வோல்ட்தான் புரியும். அதனால் நடுவில் ஒரு ஆப்-ஆம்ப். போட்டோடையோடின் மின்னோட்டம் முழுவதையும் அது ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போக வைக்கும். மின்னோட்டத்தை ரெசிஸ்டரால் பெருக்கினால் வெளியே வரும் வோல்ட். 80 மைக்ரோஆம்பியரை 33 கிலோஓம்மால் பெருக்கினால் 2.64 வோல்ட். 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலருக்கு ஏற்ற அளவு. லேசர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தாலும் இடம் மிச்சமிருக்கிறது.

‘ஆப்-ஆம்ப் எதற்கு, ரெசிஸ்டரை நேரா டையோடுக்குக் குறுக்கே போட்டா ஆகாதா?’ என்று கேட்கலாம். போட்டால் ரெசிஸ்டரில் உருவாகும் வோல்ட் டையோடின் மேலேயே விழும். சில நூறு மில்லிவோல்ட்டைத் தொட்டதும் டையோடு தன் மின்னோட்டத்தைத் தானே விழுங்க ஆரம்பிக்கும், நேர்கோடு வளைந்துவிடும். ஆப்-ஆம்ப் டையோடின் இரண்டு முனைகளையும் ஒரே வோல்ட்டில் பிடித்து வைப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

படி 4: இரைச்சலை வடிகட்டுவது. 33 கிலோஓம்முக்குக் குறுக்கே ஒரு கெபாசிட்டர். 1 மைக்ரோஃபாரட் போட்டால், நொடிக்கு 5 முறைக்கு மேல் மாறும் எதையும் சர்க்யூட் மெல்ல மெல்ல அலட்சியம் செய்யும். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவது சுமார் இருபதில் ஒரு பங்காக அடங்கிவிடும். லேசர் மங்குவது நாட்கணக்கில் நடக்கும் விஷயம், இதில் அவசரம் ஒன்றுமில்லை. தூசியைப் பார்க்கும் முதல் போட்டோடையோடுக்கு மட்டும் இவ்வளவு பெரிய கெபாசிட்டர் கூடாது. துகள் கடக்கும் வேகமான மின்னலை அது அழித்துவிடும்.

படி 5: உயிருள்ள பூஜ்ஜியம். மணலி ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்ப்பவர்களுக்கு 4 முதல் 20 மில்லிஆம்பியர் என்ற கணக்கு அத்துப்படி. அளவு பூஜ்ஜியம் என்றால் கம்பியில் 4 மில்லிஆம்பியர் ஓடும். கம்பி அறுந்தால்தான் 0. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்ற செய்தியும் ‘நான் செத்துவிட்டேன்’ என்ற செய்தியும் குழம்பாது. இங்கேயும் அதையே செய்யலாம். தரைக்குப் பதிலாக ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டையும் டையோடின் ஆனோடையும் 0.1 வோல்ட்டில் நிறுத்தினால், இருட்டில் வெளியீடு 0.1 வோல்ட். லேசர் ஒளிரும்போது 2.74 வோல்ட். சரியாக 0 வந்தால் லேசர் அணைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சர்க்யூட்டே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லோரும் விழும் ஒரு குழி

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆப்-ஆம்ப் கேட்டால் கையில் வரும் முதல் ஐசி பெரும்பாலும் எல்எம்358. விலை குறைவு, நல்ல ஐசிதான். ஆனால் அதன் வெளியீடு சப்ளை வோல்ட்டுக்கு சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் 1.8-க்கு மேல் போகும் என்று நம்ப முடியாது.

நம் சர்க்யூட்டில் 1.8 வோல்ட் என்பது சுமார் 3.2 மில்லிவாட் லேசருக்குச் சமம். லேசர் 5-லிருந்து 4-க்கு இறங்கினாலும், 3.5-க்கு இறங்கினாலும் வெளியீடு அதே 1.8. கோடு அசையாமல் நேராக இருக்கும். பார்ப்பவர் ‘லேசர் எவ்வளவு ஸ்டெடியா இருக்கு பாரு’ என்று சந்தோஷப்படுவார். காவலுக்கு வைத்தவரே தூங்கிவிட்ட கதை.

எம்சிபி6002 போல, சப்ளையின் அடி முதல் உச்சி வரை போகக்கூடிய ஆப்-ஆம்ப் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. எதை எடுத்தாலும் ஒரு சோதனை கட்டாயம்: லேசருக்கு முன்னால் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரைக் காட்டுங்கள். எண் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது கண்காணிக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: 5 மில்லிவாட் லேசர் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் லேசர்தான். கற்றையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. மூடிய பெட்டிக்குள் வைத்து வேலை செய்வதே பாதுகாப்பு.

எங்கே பொருத்துவது?

பல லேசர் டையோடுகளுக்குள்ளேயே ஒரு குட்டி போட்டோடையோடு இருக்கும். மூன்று கால்கள் இருக்கும் டையோடுகளில் ஒரு கால் அதற்குத்தான். லேசர் மங்கினால் டிரைவர் சர்க்யூட் அதைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டிச் சமாளிக்கும். அப்புறம் வெளியே இன்னொன்று எதற்கு?

உள்ளே இருப்பது லேசரின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறது. முன்பக்க லென்ஸில் படிந்த அழுக்கு அதற்குத் தெரியாது. வாசலில் குப்பை மலையாகக் குவிந்திருக்க, சமையலறையில் நின்று ‘வீடு சுத்தம்’ என்பதைப் போலத்தான்.

அதனால் மணலி போன்ற இடத்துக்குச் சிறந்த இடம் கற்றையின் கடைசி முனை. தூசியைக் கடந்த பிறகு லேசர் போய் முட்டும் ‘ஒளிப்பொறி’க்குள் போட்டோடையோடை வைக்கலாம். லேசரின் வயது, சூடு, லென்ஸ் அழுக்கு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கும் அங்கே தெரியும். கண்ணாடித் துண்டும் தேவையில்லை. ஆனால் முழு 5 மில்லிவாட்டும் விழுவதால் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர் ஆகும். 33 கிலோஓம்முக்குப் பதில் 1.2 கிலோஓம் போட்டால் 2.4 வோல்ட் கிடைக்கும். டையோடின் பளபளப்பில் பட்ட ஒளி திரும்பி வந்து தூசி போல வேஷம் போடாமல் இருக்க, அதைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும்.

‘நடுவில் இருக்கும் தூசியும் ஒளியைக் குறைக்குமே, அது குழப்பாதா?’ என்ற கேள்வி வரலாம். சில சென்டிமீட்டர் பாதையில், மோசமான நாளில்கூட, தூசி விழுங்கும் ஒளி லட்சத்தில் சில பங்குதான். கடைசி முனையில் 5 சதவீதம் குறைந்தால் காரணம் காற்று இல்லை, கருவி.

இருட்டையும் அளக்க வேண்டும்

லேசர் அணைந்திருக்கும்போதும் போட்டோடையோடு கொஞ்சம் மின்னோட்டம் தரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த ‘இருட்டு மின்னோட்டம்’ ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெட்டியின் இடுக்கு வழியே வரும் வெயிலும் சேரும். ஆகவே நிமிஷத்துக்கு ஒருமுறை லேசரை ஒரு நொடி அணைத்து இருட்டை அளந்து, அதைக் கழித்துவிட வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலர் செய்ய வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: இன்றைய ஒளிர்வு கழித்தல் இன்றைய இருட்டு. அதை முதல் நாள் எடுத்த அதே கணக்கால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் லேசர் புதுசு போல. 0.7 என்றால் 70 சதவீதம். ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஆய்வக பவர் மீட்டர் தேவையில்லை. உண்மையில் எத்தனை மில்லிவாட் என்பது இங்கே முக்கியமில்லை, முதல் நாளோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதே முக்கியம்.

கடற்கரை ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. ஈரமும் உப்பும் பிசிபி மேல் படிந்தால் மின்னோட்டம் கசியும். 80 மைக்ரோஆம்பியர் கொண்ட கண்காணிப்புச் சர்க்யூட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. நானோஆம்பியர்களில் வேலை செய்யும் சிதறல் சர்க்யூட்டுக்கு அது விஷம். பிசிபியை நன்றாகக் கழுவி, ஈரம் புகாத பூச்சு அடித்தால் தப்பிக்கலாம்.

சிம்னியில் கதை தலைகீழ்

அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் புகையையும் கழிவுநீரையும் நேரலையாக அளக்கும் கருவிகளைப் பொருத்த வைக்கும்படி மாநில வாரியங்களுக்கு 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல், உரம், அனல்மின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

சிம்னியில் தூசியை அளக்கும் கருவிகளில் ஒரு வகை, ஒரு பக்கத்திலிருந்து ஒளியை அனுப்பி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். 100-ல் 90 வந்தால் 10 சதவீதம் புகையால் மறைந்தது என்று கணக்கு. இங்கே ஒளி மூலம் மங்கினால் புகை அதிகமாகத் தெரியும், ஆலைக்கு அநியாயம். சிதறலை அளக்கும் வகையில் மங்கினால் புகை குறைவாகத் தெரியும், ஊருக்கு அநியாயம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்வது, மூல ஒளியைத் தனியாக அளக்கும் அதே இரண்டாவது டிடெக்டர்தான்.

வாயுக்களுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத்திணறலோடு மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 24 மணி நேர வரம்பு 400.

அம்மோனியாவைக் காற்றிலேயே தேடும் லேசர் கருவிகள் உலகெங்கும் இருக்கின்றன. அம்மோனியா விழுங்கும் ஒரு குறிப்பிட்ட அகச்சிவப்பு நிறத்தில் லேசரை அனுப்பி, எவ்வளவு காணாமல் போகிறது என்று பார்ப்பார்கள். சிலிக்கானுக்கு அந்த நிறம் தெரியாது என்பதால் இண்டியம் காலியம் ஆர்செனைடு டிடெக்டர் தேவை. மற்றபடி சர்க்யூட்டின் அடிப்படை அதேதான். அங்கேயும் உயிர்நாடியான கேள்வி ஒன்று: கற்றையை மூடுபனியோ சிலந்திவலையோ மறைத்தால் கருவி என்ன சொல்லும்? ‘வாயு இல்லை’ என்று சொன்னால் ஆபத்து. ‘எனக்குப் பார்வை தெரியவில்லை’ என்று சொன்னால் யாராவது போய்த் துடைப்பார்கள்.

இந்தச் சர்க்யூட் எதைச் சரிசெய்யாது?

- ஈரப்பதம்: பனிமூட்டமான காலையில் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், சிதறல் கூடும். லேசர் சரியாக இருந்தாலும் எண் அதிகமாகத்தான் வரும்.
- துகளின் வகை: ஒரே எடையுள்ள புகைக்கரியும் சாம்பலும் ஒரே அளவு ஒளியைச் சிதறடிக்காது. அதனால் அரசு நிலையத்தின் அருகே சில வாரம் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அங்கே தூசியைத் தாளில் பிடித்து பீட்டா கதிரால் எடை பார்க்கும் முறை பயன்படுகிறது, லேசரின் வயது அதைப் பாதிக்காது.
- தூசி பார்க்கும் டிடெக்டரின் அழுக்கு: இரண்டாவது டையோடு லேசரை மட்டுமே கண்காணிக்கும். முதல் டையோடின் முகத்தில் படியும் தூசி அதற்குத் தெரியாது. அதைத் துடைக்கத்தான் வேண்டும்.

முக்கியமான இன்னொரு விஷயம், திருத்துவதற்கும் ஒரு எல்லை இருக்க வேண்டும். லேசர் 95 சதவீதம் என்றால் வகுத்துச் சரிசெய்துகொள்ளலாம். 50 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் வகுத்து வகுத்து எண்ணை வெளியிட்டால், இரைச்சலையும் சேர்த்து இரண்டு மடங்காக்குகிறோம். 90-க்குக் கீழே எச்சரிக்கை, 80-க்குக் கீழே அந்த எண்ணையே நிறுத்திவிடுவது என்பது போல ஒரு விதியை முன்கூட்டியே முடிவுசெய்து வெளிப்படையாக எழுதிவைப்பது நல்லது.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் பள்ளியிலோ அபார்ட்மென்ட்டிலோ காற்று சென்சார் மாட்டியிருக்கிறார்கள் என்றால் மூன்று கேள்விகள் போதும். எப்போது மாட்டியது? தொடர்ந்து ஓடுகிறதா, விட்டு விட்டு ஓடுகிறதா? லேசர் மங்கினால் அது எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், ஒரு வருஷமாக எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து உடனே நிம்மதி அடைய வேண்டாம். முதலில் கருவியைக் கழற்றிப் பாருங்கள்.

சென்சார் கட்டும் மாணவர்களுக்கும் இளம் இன்ஜினீயர்களுக்கும் இது ஒரு வார இறுதி வேலை. ஒரு போட்டோடையோடு, ஒரு ஆப்-ஆம்ப், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், 0.1 வோல்ட்டுக்கு இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள். முதல் நாளே அளந்து எழுதிவைக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த முதல் நாள் எண் இல்லாவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணையும் வைத்து லேசர் மங்கியதா என்று சொல்ல முடியாது.

கொடிக்கயிறு கருப்பாகவும் செயலி பச்சையாகவும் இருக்கும் ஒரு நாள் வரலாம். அன்றைக்கு ‘எதை நம்புவது?’ என்ற கேள்விக்குக் கருவியே பதில் சொல்ல வேண்டும். அதற்கு அது தூசியைப் போலவே தன் லேசரையும் அளந்து வைத்திருக்க வேண்டும்.